பின்மார்க்கில் ஒரு மண்டபத் திறப்பு

நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் கரையோரத்தில், மீன் தொழிற்சாலையை நம்பிச் சீவிக்கிற சின்ன ஊர் எங்களுடையது. எண்பதுகளில் இந்த நாட்டுக்குப் படிக்க வந்த எங்கள் இலங்கைத் தமிழ்ப் பெடியள் பலர் வேலை தேடி இந்தப் பக்கம் ஏறினார்கள். என் மச்சான் அப்படி வந்தவர். அவர் கூப்பிட்டு வந்தவன் நான்.

வந்த புதிதில் இந்தச் சனத்தின் மௌனம்தான் பெரிய பாடு. நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிறவர் கடையில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். ஏதும் கோபமோ என்று யோசிப்போம். புது மண்டபம் கட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விசயம் பிடிபட்டது: கையில் ஒரு வேலை இருந்தால் இவர்கள் நன்றாகவே கதைப்பார்கள்.

பழைய மண்டபம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்தது. 1944இல் பின்வாங்கிய ஜேர்மன் படை பின்மார்க்கை ஊர் ஊராக எரித்துவிட்டுப் போனதால், இங்கே அதற்கு முந்திய கட்டடம் காண்பதே அருமை. அந்த மண்டபமும் ஒழுகத் தொடங்க, புதிது கட்டுவதென்று முடிவானது. நகரசபை கொஞ்சம், அரச சூதாட்ட நிறுவனமான நொர்ஷ்க் திப்பிங்கின் லாபத்திலிருந்து கொஞ்சம். மிச்சம் ஊரின் பங்கு. கூலியில்லாமல் செய்கிற டூக்னாட் வேலையையும் மணிக்கணக்குப் போட்டு அந்தப் பங்கில் சேர்க்கலாம். அதனால் வாசலில் ஒரு கொப்பி தொங்கியது. பெயரும் மணியும் எழுதாமல் நழுவினால் பொருளாளர் அம்மா வீடு தேடி வந்துவிடுவார். இலங்கையில் எங்கள் ஊரில் சனசமூக நிலையத்துக்குச் சிரமதானம் செய்து வளர்ந்தவர்களுக்கு வேலை புதிதில்லை. கொப்பிதான் புதிது.

டிசம்பரில் உள்சுவருக்குப் பெயின்ற் அடித்தோம். சூரியனே எழும்பாத மாதம் அது. என்னோடு நின்ற கிழவர், சின்னப் பிள்ளையாகத் தாயோடு கப்பலில் தெற்கே ஏற்றப்பட்ட கதையைச் சொன்னார். திரும்பி வந்தபோது வீட்டில் புகைபோக்கி மட்டும் நின்றதாம். நான் 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்ததைச் சொன்னேன். "உங்கள் வீடு?" என்றார். "சுவர் இருந்தது, கூரை இல்லை." கொஞ்ச நேரம் உருளையை ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மூலையில் இன்னொரு தரம் அடி" என்றார்.

திறப்பு விழா மார்ச்சில். ஊரில் என்றால் நிறைகுடம், குத்துவிளக்கு, பிரதம விருந்தினருக்கு மாலை, அப்புறம் மைக் பிடித்தவர் விடமாட்டார். இங்கே நகரபிதா நாடாவை வெட்டி ஐந்து நிமிடத்தில் பேச்சை முடித்தார். பாடசாலை பாண்ட் வாத்தியம் தேசிய கீதம் வாசித்தது. அவ்வளவுதான் சடங்கு. எனக்கு இது போதாதுபோல் இருந்தது, உண்மையைச் சொல்லுகிறேன். வாசலில் பனிச் சப்பாத்துகள் மலையாகக் குவிந்திருக்க, எல்லோரும் பையில் கொண்டுவந்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மேசை நிறைய கேக். இந்த வடக்கின் பழங்குடிகளான சாமி மக்களின் குடும்பம் ஒன்று கலைமான் இறைச்சியில் பிடோஸ் என்கிற சூப் காய்ச்சியிருந்தது. நாங்கள் கொட் மீன் ரோல்ஸ் கொண்டுபோனோம். கலைமானுக்கு நீண்ட வரிசை, ரோல்ஸுக்கு முதலில் ஒருவரும் இல்லை. பொருளாளர் அம்மா ஒன்றைக் கடித்து, கண்ணில் நீர் வர, இன்னொன்றை எடுத்தாரே பார்க்கலாம், தட்டு காலி.

பிறகு அதிர்ஷ்டச் சீட்டு. பரிசு பழக்கூடை, கோப்பிப் பக்கற்று, கையால் பின்னிய கம்பளிக் காலுறை. பெரிய மனிதர்கள் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்த பிடி, லொத்தரில் கோடி விழப்போகிறதுபோல! என் மனைவிக்குக் காலுறை விழுந்தது. பின்னியவரே வந்து அளவு சரியா என்று பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடாந்தக் கூட்டத்தில்தான் எங்கள் விவகாரம் வந்தது. ஒரு தமிழ்ப் பிறந்தநாளில் பொரித்த பொரியலில் புகை எச்சரிக்கை அலறி, தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. சமையலறையில் எண்ணெய்ப் பொரியலுக்கு அனுமதியா இல்லையா என்று அரை மணி நேரம் வாதம். வாக்கெடுப்பில் எங்களுக்கு வெற்றி. நிபந்தனை ஒன்று: பொரிக்கும்போது உறிஞ்சு விசிறி ஓடவேண்டும், அதன் வடிகட்டியைக் கழுவுவது தமிழர் பொறுப்பு. கூட்டக் குறிப்பில் என் பெயரையும் எழுதிவிட்டார்கள்.