இரண்டு சாரை, ஒரு வெள்ளை வேட்டி

நேற்று சாயங்காலம் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இரண்டு பாம்பு. உடம்பைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பி, பொத்தென்று விழுந்து, மறுபடி எழும்பி... கால் மணி நேரம் ஆடின.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நல்லதும் சாரையும் பிணையுது தம்பி! சீக்கிரம் வெள்ளை வேட்டி கொண்டுவந்து போடு, ஐசுவரியம்" என்றார்.

இரண்டுமே சாரை அக்கா, அதுவும் பெரும்பாலும் ஆண்கள் என்றேன். பெண்ணுக்காக நடக்கிற குஸ்தி இது. கடியெல்லாம் கிடையாது, எதிராளியின் தலையைத் தரையில் அழுத்தினால் வெற்றி. நல்ல பாம்பு சாரையோடு சேராது, வாய்ப்புக் கிடைத்தால் விழுங்கிவிடும். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இதற்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "அடிச்சிடுங்க சார்" என்று போட்டுவிட்டார். எலி பிடிக்கிற, விஷமே இல்லாத பாம்பை எதற்கு அடிப்பது? விஷப் பாம்பையே அடிக்காமல் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தார். சங்கம் 1978-ல் தொடங்கியது. அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் நமக்குப் பாம்புக்கடி மருந்து வருகிறது. குழுவில் இதை எழுதினேன். ஒரே ஒரு கட்டைவிரல், அதுவும் என் தங்கை.

இருட்டுகிற நேரத்தில் இரண்டும் வேலிப் பக்கம் போய்விட்டன. அக்கா மட்டும் போகவில்லை. "அப்போ வேட்டி?" என்றார்.