சார்லஸ் போல்டன் கதை தெரியுமா?

விண்வெளி வீரர் என்றால் நம்மில் பலர் ஆம்ஸ்ட்ராங்கோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கென்னவோ சார்லஸ் போல்டனைத்தான் பிடிக்கும்.

1946இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பையன். கடற்படை அகாடமியில் சேர நாடாளுமன்ற உறுப்பினர் யாராவது பரிந்துரைக்க வேண்டும். சொந்த மாநிலத்தில் ஒருத்தரும் முன்வரவில்லை. பையன் நேராக ஜனாதிபதி ஜான்சனுக்கே கடிதம் போட்டுவிட்டான்! கடைசியில் பரிந்துரை கிடைத்தது சிகாகோ உறுப்பினர் வில்லியம் டாசனிடமிருந்து.

அப்புறம் மரைன் படை விமானி. வியட்நாம் போரில் ஏ-6 இன்ட்ரூடர் போர் விமானத்தில் நூறு தடவைக்கு மேல் பறந்தார். 1980இல் நாசா. மொத்தம் நான்கு விண்வெளிப் பயணங்கள்.

1990இல் ஹப்பிள் தொலைநோக்கியை விண்வெளியில் கொண்டுபோய் விட்டபோது அவர்தான் ஷட்டில் என்ற விண்வெளி ஓடத்தின் விமானி. தொலைநோக்கியின் சூரியத்தகடு ஒன்று விரியாமல் அடம்பிடித்தது. இரண்டு பேர் விண்வெளி உடை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கத் தயாராக நின்றார்கள். நல்லவேளை, தரையிலிருந்து போன கட்டளையிலேயே தகடு விரிந்துவிட்டது.

1994இல் ரஷ்யர் ஒருவர் முதன்முதலாக அமெரிக்க ஷட்டிலில் போனார். தளபதி போல்டன். ரஷ்யர்களை எதிர்த்துப் போரிடப் பயிற்சி பெற்றவர், முதலில் முடியாது என்றாராம். அந்த ரஷ்யர் செர்கெய் கிரிகலேவை நேரில் பார்த்துப் பேசியதும் மனம் மாறிவிட்டது.

2009 முதல் 2017 வரை நாசாவின் தலைவர். தான் ஓட்டிய ஷட்டிலுக்கு 2011இல் மூடுவிழா நடத்தியதும் இவர் காலத்தில்தான். முடிவெடுத்தது முந்தைய அரசு, திட்டு வாங்கியது இவர்!

இன்னொன்று. 1986இல் இவரோடு ஷட்டிலில் பறந்த பில் நெல்சன் 2021இல் அதே நாற்காலிக்கு வந்தார்.