சுண்டு கூண்டை விட்டு வெளியே வந்த கதை

பட்ஜி (பட்ஜெரிகர்) என்கிற சின்னக் கிளியை வாங்கியவர்கள் முதலில் கேட்பது, கூண்டிலிருந்து எப்போது வெளியே விடலாம் என்றுதான். எனக்கிருந்த கவலை வேறு: வெளியே விட்டால் தானாகத் திரும்பி உள்ளே போகுமா? துரத்திப் பிடித்துக் கூண்டில் அடைத்தால், அப்புறம் நம் கையைக் கண்டாலே மிரளும். அதனால் என் பட்ஜி சுண்டுவை வாங்கி வந்து சில வாரங்கள் வரை கூண்டுக் கதவைத் திறந்து விடவே இல்லை.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், மாடியில். ஹாலில் ஒரு பக்கம் சுவர் இருக்கும்படி, கண் மட்டத்துக்குக் கூண்டை வைத்தோம். கடையிலேயே றெக்கையை வெட்டித் தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உயிர் அது. உட்கார்ந்த இடத்திலேயே தானியம் தின்றுகொண்டிருந்தால் கொழுப்பு ஈரலில் போய்ப் படியும். அது பறந்தாக வேண்டும்.

முதலில் இறகையெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஒல்லியாக, மூலையிலேயே நின்றது. யாராவது எழுந்தாலே படபடவென்று அடித்துக்கொள்ளும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், பேசுவேன், கையை உள்ளே விடமாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக இறகு தளர்ந்தது. ஒரு சாயங்காலம் ஒற்றைக் காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, அலகை நறநறவென்று தேய்த்துக்கொண்டிருந்தது. பயம் போன பறவைதான் அப்படிச் செய்யும். அதற்கப்புறம்தான் தினைக் கதிரைக் கையில் பிடித்துக் கதவு வழியே நீட்டினேன்.

வெளியே விடுவதற்கு முன்பே இரண்டு பழக்கம் ஏற்படுத்தினேன். கொய்யாக் குச்சி ஒன்றைக் காலுக்குச் சற்று மேலே வயிற்றில் மெல்ல ஒட்டி, “ஏறு” என்று சொல்வேன். ஏறியதும் கதிர் கிடைக்கும். இன்னொன்று, கதிரை வைக்கும் முன் கிண்ணத்தை நகத்தால் தட்டுவது. அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாடு என்று அதற்குப் பிடிபட்டுவிட்டது. இந்த இரண்டும் கூண்டுக்குள்ளேயே நன்றாகப் பழகிய பிறகுதான் ஹாலைத் தயார் செய்தேன்.

நம் வீடுகளில் பட்ஜிக்கு முதல் எமன் சீலிங் ஃபேன். ஓடுகிற ஃபேனை நிறுத்திவிட்டால் போதாது. கரண்ட் போயிருக்கும்போது ஓடாத ஃபேனைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கரண்ட் வந்ததும் அது தானாகச் சுற்றும். அதனால் சுவிட்சை அணைத்து, யாரும் கைமறதியாகப் போட்டுவிடாதபடி அதன்மேல் டேப் ஒட்டிவிடுவேன். ஜன்னலில் கொசுவலை இருக்கிறது, ஆனாலும் கண்ணாடிக் கதவுகளுக்குத் திரை போட்டேன். கண்ணாடி இருப்பது பறவைக்குத் தெரியாது, நேராகப் போய் முட்டிக்கொள்ளும். முகம் பார்க்கும் கண்ணாடி மேல் துண்டு போட்டேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் பழைய புடவைகளைத் திணித்தேன். அதில் விழுந்துவிட்டால் றெக்கை விரிக்க இடமிருக்காது, ஏறி வர முடியாது. பாத்ரூம் கதவு சாத்தியாக வேண்டும், வாளித் தண்ணீர் சின்னப் பறவைக்குக் கிணறு மாதிரி. மதியத்துக்கு மேல் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடல்காற்று வந்தால் எங்கள் வீட்டுக் கதவுகள் படாரென்று அடித்துக்கொள்ளும். ஆகவே காலை நேரத்தையே வைத்துக்கொண்டேன்.

அடுப்படி விஷயத்தில் அம்மாவிடம் கெஞ்சித்தான் கேட்டேன். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும், அடுத்த அறையில் இருந்தாலும்கூட. “ஒரு குருவிக்காகவா?” என்றார் அம்மா. ஆனால் அன்றைக்கே அந்தத் தவாவை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, இரும்புத் தோசைக்கல்லை இறக்கினார். கொசுவத்தி, சாம்பிராணி எல்லாம் ஹாலில் கிடையாது.

கதவைத் திறந்ததும் உடனே வரவில்லை. அலகால் கம்பியைக் கவ்விக் கவ்வி ஏறிக் கதவின் மேல் உட்கார்ந்தது. உடம்பை உப்பி ஒருதரம் உதறியது. தலையை ஒரு பக்கம் சாய்த்து அறையை அளந்தது. பிறகு சட்டென்று கிளம்பி ஹாலை இரண்டு சுற்று சுற்றி, திரைச்சீலைக் கம்பியில் தொப்பென்று இறங்கியது. வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. கடைக் கூண்டிலேயே வளர்ந்த பறவைக்கு அவ்வளவுதான் தெம்பு. அண்ணன் மகன், “அத்தை, பிடிச்சிடவா?” என்று எழுந்தான். உட்காரச் சொன்னேன். யாரும் கையை நீட்டவில்லை. மூச்சு சீரான பிறகு கிண்ணத்தைத் தட்டினேன். மூன்றாவது முறை தட்டியபோது கூண்டின் கூரைக்கு வந்தது. அங்கிருந்து குச்சியில் ஏறி உள்ளே போனது. காலைத் தீனியை அதுவரை வைக்காமல் இருந்ததும் உதவியது. ஆனால் இதற்காகப் பட்ஜியை ரொம்ப நேரம் பட்டினி போடக் கூடாது, சின்ன உடம்பு தாங்காது.

வராமல் அடம் பிடித்த நாளும் உண்டு. அவசரமாக வெளியே கிளம்ப வேண்டியிருந்தது. திரைகளை இழுத்து, விளக்கை அணைத்தேன். இருட்டில் பட்ஜி பறக்காமல் இருந்த இடத்திலேயே இருக்கும். மெல்லிய துண்டால் மூடி எடுத்தேன். எடுக்கும்போது நெஞ்சை அழுத்தவே கூடாது. நம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்க உதவும் தசை, உதரவிதானம், பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. அழுத்திப் பிடித்தால் கையிலேயே மூச்சு நின்றுவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இப்படி.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, வாயில்லா ஜீவன், வெளியில வுட்டுடேன், புண்ணியமாப் போவும்.” அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். பச்சைக்கிளியாக இருந்தால் அவர் சொல்வது சரி. அது நம் மண்ணின் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்கவும் கூடாது. பட்ஜியின் ஊர் ஆஸ்திரேலியா. ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்ட் 1840-இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த வம்சம்தான் நம் கடைகளில் இருப்பவை. எங்கள் தெருவில் விட்டால் இரை தேடத் தெரியாது, காக்கையும் பூனையும் விட்டுவைக்காது. பாட்டியிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். “அப்போ அந்தப் பால்கனிக் கதவுக்கும் ஒரு வலை போட்டுடு” என்றார். அடுத்த வாரமே போட்டுவிட்டோம்.