ஐரோப்பிய ஓவியங்களில் மூதாட்டியரின் முகங்கள்

ஐரோப்பிய ஓவியங்களில் முதுமை ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு வேறு விதமாகவும் தீட்டப்பட்டிருப்பது என்னை நெடுநாளாக உறுத்தி வருகிறது. வெண்தாடிக் கிழவர் அங்கே பெரும்பாலும் தீர்க்கதரிசியாகவோ, திருத்தூதராகவோ, ஞானியாகவோ வந்து அமர்கிறார். மூதாட்டியோ அழகு நிலையாது என்று இளையோரை எச்சரிப்பதற்காக, சில வேளைகளில் வெறும் கேலிக்காகவே, நிறுத்தப்படுகிறார். 1513ஆம் ஆண்டையொட்டி குவென்டின் மாசிஸ் தீட்டிய, ‘அழகற்ற சீமாட்டி’ என்று பின்னாளில் பெயர்பெற்ற ஓவியத்தில், சுருங்கிய மார்பை இறுக்கிக் கட்டி, கையில் ரோஜா மொட்டோடு இருக்கும் மூதாட்டி நகைப்புக்கு உரியவராகவே காட்டப்படுகிறார். ஜோர்ஜோனே தீட்டிய வெனிஸ் மூதாட்டியின் முகத்தில் பரிவு உண்டு. ஆனாலும் ‘காலம் செல்லச்செல்ல’ என்று எழுதிய தாள்சுருளை அந்தக் கையில் கொடுத்து, ஓவியர் அவரையும் பாடமாக்கிவிடுகிறார்.

இந்த வழக்கத்திலிருந்து முற்றிலும் விலகி நிற்பது, ஆல்பிரெக்ட் டியூரர் 1514 மார்ச்சில் தன் தாய் பார்பராவைக் கரித்துண்டால் வரைந்த படம். 18 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பெரும்பாலோரைப் பறிகொடுத்த பெண் அவர். துருத்திய நெற்றி, ஒட்டிய கன்னம், கழுத்தில் புடைத்தெழும் தசைநார்கள், ஒன்று ஒருபுறம் விலகிப் பார்க்கும் கண்கள் என எதையும் மகன் மறைக்கவில்லை, மெருகேற்றவும் இல்லை. இது தன் தாய் என்றும், அவருக்கு வயது 63 என்றும் தாளின் மேலே எழுதினார். மே மாதத்தில் தாய் இறந்தபோது, இறந்த நாளையும் நேரத்தையும் அதே தாளில் மையால் சேர்த்தார். இந்தப் படத்தில் யாருக்கும் எச்சரிக்கை இல்லை, ஒரு மகன் விடாமல் பார்த்த பார்வைதான் இருக்கிறது.

ரெம்பிராண்ட் 1669இல், தன் கடைசி ஆண்டில், தன் முகத்தையே இப்படிப் பார்த்தார். 80 வயதைக் கடந்திருந்த பிரான்ஸ் ஹால்ஸ் 1664இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகர முதியோர் இல்ல நிர்வாகப் பெண்களைத் தீட்டிய ஓவியத்தை, அவர்களைப் பழிவாங்கும் ஓவியம் என்று சிலர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. களைத்தும் தளராத அந்த முகங்களில் எனக்குத் தெரிவது மதிப்பே.

ஆனால் எனக்கு மிக நெருக்கமானது, 1618இல், 20 வயதைக்கூட எட்டாத வெலாஸ்கெஸ் தீட்டிய, முட்டை பொரிக்கும் மூதாட்டி. ஒரு கையில் மரக்கரண்டியும் மறுகையில் முட்டையுமாக அமர்ந்திருக்கும் அவர் எதற்கும் சான்றாக அங்கே வைக்கப்படவில்லை. கைப்பழக்கம் மாறாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவே.