வெறும் வயிறும் விரிந்த கண்பாப்பாவும்

ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், கண் பரிசோதனை மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நேரம் ஒதுக்கித் தந்தவர் உறுதியாகச் சொன்னார். முடியவில்லை. ஸ்கேனுக்காக இன்னொரு நாள் விடியற்காலையில் மறுபடியும் போக வேண்டியதாயிற்று. அவர்கள் போட்டுத் தந்த வரிசைதான் அதற்குக் காரணம்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தது ஐந்து நிமிட வேலை. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து இரண்டாம் முறை ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். உடனே சாப்பிட்டேன். இடைப்பட்ட நேரத்தில்தான் ஸ்கேன். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் தண்ணீரை மேலும் மேலும் குடித்துவிட்டு, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. உள்ளே போய்ப் படுத்த பிறகு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "சாப்பிட்டுவிட்டீர்களா?"

பித்தப்பையில் பித்தம் நிறைந்து அது விரிந்திருந்தால்தான் உள்ளே கல் இருக்கிறதா என்று சரியாகத் தெரியும். சாப்பிட்டதும் அது சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்குள் தள்ளிவிடும். இதை அவர் பொறுமையாக விளக்கினார். ஆனால் பதிவுப் பிரிவில் இருந்தவரோ, "ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியுமே" என்றார், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. என் சீட்டை அவர் முன்னால் வைத்தேன். 'சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும்' என்பதைத் தவிர அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் அதைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் வேறொரு தேதியை எழுதித் தந்தார்.

இரண்டும் ஒரே நாளில் இருந்தால் முதலில் ரத்தம், உடனே ஸ்கேன், அதன் பிறகே சாப்பாடு என்று நீங்களே வற்புறுத்திக் கேளுங்கள். இரண்டாம் ரத்தத்துக்கான 2 மணி நேரக் கணக்கு சாப்பிடத் தொடங்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. அதனால் சாப்பாடு தள்ளிப்போவதால் எதுவும் கெட்டுவிடாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் கண். சொட்டு மருந்து விட்டு முடித்த பிறகு, "கூட யாராவது வந்திருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். அதை முன்னாலேயே கேட்டிருக்க வேண்டாமா? கண்பாப்பா விரிந்தால் பல மணி நேரத்துக்குக் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. விழித்திரையில் குறை எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பையில் கேமரா இருந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மர நிழலாகப் பார்த்து நடந்தேன். கேமராவின் பின்திரையில் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. அப்போதுதான், கண்ணை வைத்துப் பார்க்கும் துளையான வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சிறு சக்கரம் நினைவுக்கு வந்தது. கண்ணாடி அணிபவர்களுக்காக வைத்தது அது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணை வியூஃபைண்டரில் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். கலங்கிக் கிடந்த எண்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பகல் முழுவதும் யார் யாரோ சொன்னபடி உட்கார்ந்து எழுந்த எனக்கு, அந்த எண்கள் தெளிந்த நொடியில் அப்படியொரு மகிழ்ச்சி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்பாப்பா விரிந்திருக்கும்போது எல்லாமே அளவுக்கு மீறி வெளிச்சமாகத் தெரியும். அதை நம்பி ஒளி அளவைக் குறைத்துக்கொண்டே போனதில் முதல் இருபது படங்களும் இருண்டுவிட்டன. படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த நிலையில் கண்ணை விட்டுவிட்டு வரைபடத்தைத்தான் நம்ப வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரு கிளைக்குக் கீழே, எந்தப் பிடிமானமும் இல்லாமல் காற்றில் ஏதோ சுழன்றது. என் கண்ணுக்கு அது மஞ்சள் ஒளித் திட்டு மட்டுமே. குத்துமதிப்பாகக் குறிவைத்து ஏழெட்டுப் படங்கள் எடுத்தேன். மறுநாள் காலை பார்வை தெளிந்ததும் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலந்தி இழை ஒன்றில் தொங்கிய காய்ந்த இலை. நுனியில் பூச்சி அரித்த ஓட்டை, அதன் வழியே மாலை வெயில், இழையும்கூட முழு நீளத்துக்குத் தெளிவாக விழுந்திருந்தது.