கொக்கி ஆணி

ஏப்ரல் 7, செவ்வாய்

பின்னேரம் நாலரை இருக்கும். என் ஹாட்வெயார் கடையில் ஆள் இல்லை. காலையிலிருந்து வியர்த்து ஊற்றிய வெயில், மூன்று மணிக்குப் பிறகு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பங்குனிக் கடைசியில் இப்படி இடிமழை வருவது வழக்கம்தான். வெளியே அடுக்கியிருந்த பிளாஸ்டிக் பேசின்களை உள்ளே எடுப்போமா என்று மட்டும் யோசித்தேன். எடுக்கவில்லை.

அப்புறம் ஒரு சத்தம். மணல் லொறி ஒன்று ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வருவது போலத் தொடங்கி, நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. பேசின்கள் எழும்பி திருகோணமலை-நிலாவெளி வீதியைத் தாண்டின. தென்னை உயரத்துக்கு மேலே ஒரு முழுக் கூரை சீட், கடதாசி மாதிரி மெதுவாகப் புரண்டு போனதைப் பார்த்தேன். மெதுவாக என்றுதான் நினைவில் இருக்கிறது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம் கூட இருக்காது.

வெளியே வந்தால் கடைக்கு ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு மாமரத்தில் பிஞ்சு கூட உதிரவில்லை. இரண்டாவது ஒழுங்கையில் மட்டும், குளப் பக்கமிருந்து கடற்கரைப் பக்கமாகக் கோடு கிழித்தது போல வீடுகள் வாய் பிளந்து கிடந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கம் கொடியில் காய்ந்த சட்டை அப்படியே தொங்குகிறது, அந்தப் பக்கம் வளையோடு கூரை இல்லை. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பெடியனுக்குக் காலில் வெட்டு, ஏழு தையல்.

ஏப்ரல் 8, புதன்

ஊர் முழுக்க ‘மினி சூறாவளி’ என்கிறார்கள். செய்தியிலும் அதே சொல்தான். ஆனால் இது சூறாவளியின் குட்டி இல்லை, வேறு சாதி. சூறாவளி கடலில் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்கு, நாள்கணக்கில் வரும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, வருகிறது வருகிறது என்று முன்கூட்டியே சொல்லி ஆட்களை எழுப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். 2025 நவம்பரில் வந்த டித்வா புயலுக்குப் பெயர் கூட இருந்தது. இது ஒற்றை இடிமுகிலுக்குள் சுழன்று இறங்குகிற காற்று. எந்த ஒழுங்கைக்குள் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வானிலை அறிக்கையின் கடைசியில் தினமும் ஒரு வரி வரும், இடியுடன் மழை பெய்யும்போது தற்காலிகமாகப் பலத்த காற்று வீசலாம் என்று. தினமும் வருவதால் யார் காதிலும் விழுவதில்லை. நேற்று அந்த வரிதான் எங்கள் ஊருக்கு வந்தது.

காலையில் ஜீ.எஸ்., அதாவது கிராம சேவகர், கொப்பியோடு வந்தார். இரவே யாரோ 117 என்ற அனர்த்த அவசர இலக்கத்துக்கு அடித்துச் சொல்லியிருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை பேர், முழுச் சேதமா பகுதிச் சேதமா என்று எழுதினார். 31 வீடு. இந்தக் கொப்பி பிரதேச செயலகத்துக்குப் போகும், அங்கே நிவாரண உத்தியோகத்தர் பார்ப்பார், தேசிய அனர்த்த நிவாரண சேவைகள் நிலையத்திலிருந்து காசு அனுமதியாக வேண்டும். அனர்த்த முகாமைத்துவத்துக்கென்று சட்டமே சுனாமிக்குப் பிறகு, 2005இல்தான் வந்தது. குறை சொல்ல மாட்டேன். மத்தியானமே சமைத்த சாப்பாடு வந்துவிட்டது: சோறு, பருப்பு, கத்தரிக்காய், பொரித்த மிளகாய். மின்சாரக்காரரும், 1987 என்ற இலக்கத்துக்கு நாங்கள் அடித்து ஒரு மணித்தியாலத்தில் வந்து, அறுந்து கிடந்த வயரை முதலில் செத்த வயராக்கிவிட்டுத்தான் மற்ற வேலை பார்த்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் தாங்க முடியவில்லை. உடைந்த அஸ்பெஸ்டஸ் சீட்டுகளை வெறுங்கையால் இன்னும் சின்னதாக உடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளும் சேர்ந்து. அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. கடையில் இருந்த மாஸ்க் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு முழுசாகவே தூக்குங்கள் என்றேன். கொரோனாவில் மிஞ்சிய பெட்டி. ஒரு அண்ணா சிரித்தார்: “இவ்வளவு நாளும் இதுக்குக் கீழதானே தம்பி படுத்தனாங்கள்?” கீழே படுப்பது வேறு, உடைப்பது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அரைவாசிப் பேர் மாஸ்க்கை நாடியில் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

தறப்பாள் வந்தது. 31 வீட்டுக்கு 20. மிச்சம் நாளைக்காம்.

தறப்பாளைக் கட்டக் கயிறு கேட்டு எல்லாரும் என் கடைக்கு வந்தார்கள். நைலோன் கயிறு இரண்டு உருளை முடிந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இந்த மாதத்தில் நல்ல வியாபாரம் நடந்த நாள் இன்றைக்குத்தான்.

ஏப்ரல் 10, வெள்ளி

இரவு கனடாவிலிருந்து மச்சான் எடுத்தார். அவர் இருப்பது ரொறன்ரோவுக்கு வடக்கே பாரி என்ற ஊர். 2021 ஜூலை 15 அங்கேயும் இப்படி ஒரு சுழல் இறங்கியது. அங்கே அதற்கு டோர்னாடோ என்று பெயரும், ஐந்துக்கு இரண்டு என்று புள்ளியும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மச்சானின் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் கூரைகள் அப்படியே கழன்று போனதாம். புது வீடுகள், எங்கள் ஊர்ப் பணத்துக்குக் கோடிக்கணக்கில் பெறுமதி.

“அதுக்குப் பிறகு யூனிவர்சிற்றிக்காரர் வந்து வீடு வீடாப் பார்த்தவங்கள்,” என்றார். ஒன்ராறியோவிலும் ஒரு லண்டன் இருக்கிறது, அங்குள்ள வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆட்கள். கூரை மரத்தைச் சுவரோடு பிடிக்க ஒரு சின்ன இரும்புப் பட்டை போட்டால் இந்த அளவு காற்றுக்குக் கூரை நிற்கும் என்பது அவர்கள் கண்ட விஷயம். வீட்டு விலையோடு பார்த்தால் அந்தப் பட்டை சில்லறைக் காசு.

நான் ஹாட்வெயார் கடைக்காரன். இருபது வருஷமாகக் கூரைச் சாமான் விற்கிறேன். எனக்கு இது தெரியாததல்ல. காற்று கூரையைத் தள்ளுவதில்லை, தூக்குகிறது. மேலே ஓடுகிற காற்று இழுக்கும், திறந்த விறாந்தைக்குள் புகுந்தது கீழிருந்து உதைக்கும், இரண்டும் சேர்ந்தால் முதலில் ஓர சீட், அப்புறம் வரிசையாக. நாங்கள் எப்போதும் மழை ஒழுகுமா என்றுதான் பார்க்கிறோம். அதாவது மேலிருந்து வருவதைத்தான் பார்க்கிறோம்.

படுக்கப் போய் ஒன்று நினைவுக்கு வந்தது. நித்திரை வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

பழைய பில் கொப்பிகளைத் தோண்டினேன். இடியப்ப மாமியின் பில், 2023 ஆகஸ்ட்.

மாமி எங்கள் ஊரில் விடியக்காலை இடியப்பம் அவித்து விற்கிறவர். புருஷன் இல்லை, மகள் கொழும்பில். அரசாங்கம் தருகிற அஸ்வெசும உதவிக் காசும் சீட்டுக் கட்டி எடுத்த காசும் சேர்த்துத்தான் கூரை போட்டார். 16 சீட், சீட்டைத் தாங்கும் சிலாகை, கைமரம், ஆணி எல்லாம் என்னிடம்தான். ஏழாவது வரியில் என் கையெழுத்தில் ‘கொக்கி ஆணி, வாசரோடு, 64, ரூபா 3,840’. அதன் மேல் ஒரு கோடு. கீழே ‘கூரை ஆணி 2 கிலோ’.

காட்சி அப்படியே நினைவிருக்கிறது. மாமி கைக்குட்டையை அவிழ்த்துக் காசை எண்ணினார், காணவில்லை. “எதையாவது குறை தம்பி” என்றார். எதைக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை. பேனை என் கையில் இருந்தது.

கொக்கி ஆணி சிலாகையைச் சுற்றி வளைந்து பிடிக்கும், மேலே வாசரும் மரையும் போட்டுச் சீட்டை இறுக்கலாம். சாதாரண ஆணி மரத்துக்குள் இறங்கி நிற்பதோடு சரி, மரம் காய்ந்தால் பிடி தளரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கூரை போட்ட அன்றைக்கு.

பின்னேரம் போய்ப் பார்த்தேன். சிலாகைகளில் பாதி அப்படியே நிற்கின்றன. அவற்றில் ஆணிகள் நிமிர்ந்து நிற்கின்றன, வளையவே இல்லை. சீட்டுகள் ஆணியை விட்டுவிட்டு நேரே மேலே போயிருக்கின்றன. பக்கத்து வீட்டில் கொக்கி போட்டிருந்தார்கள். இரண்டு சீட் உடைந்தது, மற்றவை நிற்கின்றன. காற்று எங்கள் ஊரில் எதைப் பார்த்து ஒதுங்கியது என்று மூன்று நாளாக ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. ஒழுங்கையில் தறப்பாளுக்குக் கீழே பொங்கினார்கள். மருத்துநீர் கோயிலில் வாங்கி வந்து எல்லாருக்கும் தலையில் வைத்தார்கள். வெடிச் சத்தத்துக்குச் சின்னப் பிள்ளைகள் இந்த முறை அழுதன.

ஏப்ரல் 21, செவ்வாய்

தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்தார். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: டித்வாவுக்குத் துப்புரவாக்கக் கொடுத்த 25,000 ரூபா இதற்கும் வருமா? அது அந்தப் புயலுக்கென்று போட்ட விசேட சுற்றறிக்கை. அப்போது நாடு முழுக்க வெள்ளம், 600க்கும் மேல் சாவு, இங்கே மாவிலாறு அணைக்கட்டே உடைந்து மூதூர்ப் பக்கம் ஹெலிகொப்டரில் ஆள் தூக்கினார்கள். எங்கள் 31 வீட்டுக்குத் தனியாக யார் சுற்றறிக்கை போடுவது? வழக்கமான ஒழுங்கில்தான் போகும் என்றார், மரியாதையாகத்தான் சொன்னார். கூரை இல்லாத அக்காவுக்கோ, ஊரே போனாலும் தன் கூரை மட்டும் போனாலும் படுக்கிற இடம் நனைவது ஒரே நனைவுதான்.

மாமியின் வீடு ‘பகுதிச் சேதம்’. சுவர் நிற்கிறதே. குசினி விழுந்தது தனிக் கட்டடமாம், படிவத்தில் அதற்கு இடமில்லை. அந்தக் குசினியில்தான் மாமியின் பிழைப்பு. இடியப்ப உரலும் தட்டுகளும் இப்போது என் கடைப் பின்விறாந்தையில்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மாமியோடு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். காணி உறுதி வேண்டும் என்றார்கள். காணி மாமனாரின் பெயரில், உறுதி 1990 யுத்த இடப்பெயர்வில் போனது. “அப்ப நான் ஆரின்ர வீட்டில இருக்கிறன் தம்பி?” என்று வாசலில் வைத்துக் கேட்டார். உள்ளே இருந்தவருக்குக் கேட்டிருக்க வேண்டும், தலை நிமிரவில்லை. கடைசியில் ஜீ.எஸ். தந்த வதிவிடக் கடிதத்தைச் சமாதான நீதவானின் சத்தியக் கடதாசியோடு வைத்து ஏற்றுக்கொண்டார்கள். மூன்று நடை. முதல் நடையிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

மே 9, சனி

வெளியூர் நலன்விரும்பிகள் சிலர் லொறியில் கூரைத் தகடு கொண்டு வந்தார்கள். நல்ல தகடு, தடிப்பும் பரவாயில்லை. வீட்டுக்குப் பன்னிரண்டு, பதினாறு என்று பெயர் வாசித்துக் கொடுத்தார்கள், படமும் எடுத்தார்கள்.

ஆணி இல்லை. கொக்கி இல்லை, வாசர் இல்லை. பொறுப்பாக வந்த தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. “அண்ணா, காசு குடுத்தவங்க எத்தனை தகடு எண்டுதான் கேட்டவங்க,” என்றான். அவனைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? நானும் அந்த வரியைத்தான் வெட்டினேன்.

தகட்டு லொறி போன பிறகு ஆட்கள் கடைக்கு வந்தார்கள், கூரை ஆணி கேட்டு. அது மலிவு. பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கூரை ஆணி முடிந்தது என்று பொய் சொன்னேன். கொக்கி மட்டும்தான் இருக்கிறது, வாங்கிய விலைக்குத் தருகிறேன், காசை மெல்லத் தாருங்கள். ஓரத்து வரிசைக்கும் முகட்டுக்கும் நெருக்கமாகப் போடுங்கள், துளையைத் தகட்டின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். கைமரத்தைச் சுவர் வளையோடு பிடிக்கப் பட்டை இரும்பு வெட்டி வைத்திருக்கிறேன். பட்டைக்குக் காசு கேட்கவில்லை. இரண்டு பேர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் ஆணி வாங்கி வந்தார்கள்.

மே 10, ஞாயிறு

மாமியின் கூரைக்கு நானும் ஏறினேன். வயது போய்விட்டது என்று முழங்கால் சொல்லிற்று. மத்தியானம் கீழே இறங்கி, பிளேன்ரீ குடிக்கும்போது பில் கதையைச் சொன்னேன். கோடு போட்டது நான்தான் என்று.

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. “குறைக்கச் சொன்னது நான்,” என்றார். அப்புறம், “அதைக் குறைச்சா பறக்குமெண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்,” என்றார். அவ்வளவுதான். சீனி போதுமா என்று கேட்டார்.

64 கொக்கிக்கும் காசு வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கடன் கொப்பியில் எழுது என்றார். எழுதினேன்.

மே 12, செவ்வாய்

காலை ஆறரைக்குக் கடை திறக்க முன்பே மாமி நிற்கிறார். இடியப்பக் கூடை ஒரு கையில், மற்றக் கையில் ஒரு கடதாசிச் சுருள். பிரித்தால் மூன்று கொக்கி, வாசரோடு.

“மிஞ்சிப் போச்சு. கணக்கில கழி தம்பி.”

கொப்பியை எடுத்து 64ஐ வெட்டி 61 என்று எழுதினேன். சரியாக வெட்டியிருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.