தண்ணீர் கொண்டு வாருங்கள்

எங்களிடம் முதல்முறை டீத்தூள் கேட்டு வரும் கடைக்காரருக்கு நாங்கள் விலை சொல்வதில்லை. கடையில் எந்தத் தண்ணீரில் டீ போடுகிறீர்களோ, அதில் ஒரு லிட்டர் கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறோம். பலர் விழிப்பார்கள். தூள் விற்பவர்களுக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்டுவிட்டு வேறு இடம் பார்த்துப் போனவர்களும் உண்டு. ஆனால் பாட்டிலோடு திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் இன்றும் எங்களிடம்தான் வாங்குகிறார்கள்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடும்பம் டீத்தூள் வியாபாரம் செய்கிறது. அப்பா ஒரு தேயிலைக் கிடங்கில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவின் நகைகளை அடகு வைத்துத் தொடங்கியது. இப்போது கொள்முதலும் சப்ளையும் அண்ணன் பொறுப்பு. பொட்டலம், உரிமம், ஜிஎஸ்டி எல்லாம் அண்ணி. வசூலும் கணக்கும் நான். சுவை மட்டும் ஆரம்பத்திலிருந்தே அம்மாவின் கையில். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் அம்மாவுடையது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டங்களில், நீலகிரியின் பந்தலூர்ப் பக்கம் கொழுந்து பறித்தவர். சுவை பார்ப்பதற்கென்று எங்கும் போய்ப் படித்ததில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்தில் செய்த தூளா, முற்றிய இலையையும் சேர்த்து அரைத்த தூளா என்பதை வாயில் வைத்ததுமே சொல்லிவிடுவார்.

சிக்கமகளூரும் குடகும் பக்கத்திலிருக்க, காபிக்குப் பேர்போன ஊரில் டீத்தூள் விற்று பிழைக்க முடியுமா என்று உறவினர்கள் கேட்டார்கள். பெங்களூரின் வீடுகளில் காபிதான் ராஜா, மறுக்கவில்லை. ஆனால் கட்டட வேலைக்கு வந்தவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் கணினி நிறுவன வாசலில் நிற்கும் இளைஞர்களும் டீதான் கேட்கிறார்கள். அந்த டீக்கடைகளை நம்பித்தான் நாங்கள் இருக்கிறோம்.

டீக்கடைக்காரர் எங்களிடம் எதிர்பார்ப்பது உயர்ந்த தேயிலையை அல்ல. நேற்றுக் கொடுத்த அதே தேயிலையை. அவருடைய வாடிக்கையாளர் தினமும் அதே நேரத்துக்கு வந்து, அதே டம்ளரில் அதே டீயைக் குடித்துவிட்டுப் போக வேண்டும். ஒருநாள் சாயம் குறைந்தாலும் “என்ன மாஸ்டர், தூளை மாத்திட்டீங்களா?” என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வி மாலைக்குள் தொலைபேசியில் எங்களுக்கு வந்துவிடும். இங்கேதான் இந்தத் தொழிலின் முழுக் கஷ்டமும் இருக்கிறது. கேட்பவருக்கு ஒரே சுவை வேண்டும். செடியோ மாதத்துக்கு ஒரு சுவை தருகிறது.

நீலகிரியில் டிசம்பருக்குப் பிறகு உறைபனியும் குளிர்ந்த காற்றும் வந்தால் இலை மெதுவாக வளரும், வாசனை கூடும். மழைக் காலத்தில் கொழுந்து மளமளவென்று வரும், ஆனால் சாறு மெலிந்துவிடும். அசாமில் மே, ஜூனில் வருவதுதான் நல்ல அடர்த்தியான சாறு தரும் தூள். குளிர்காலத்தில் அங்கே செடியே ஓய்ந்துவிடுகிறது, பறிப்பு நின்றுபோகும். நிறத்துக்கும் அடர்த்திக்கும் அசாம், வாசனைக்கும் துடிப்புக்கும் நீலகிரி என்று இரண்டையும் கலக்கிறோம். கலவையின் விகிதம் அடிக்கடி மாறுகிறது. அது மாறுவதால்தான் டம்ளரில் சுவை மாறாமல் இருக்கிறது. பொட்டலத்தின் மேல் பெயர் ஒன்றுதான். உள்ளே இருக்கும் கணக்கு அம்மாவின் நோட்டில் பக்கம் பக்கமாக நீள்கிறது.

நீலகிரியின் குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. எங்களைப் போன்ற சிறியவர்கள் அங்கே நேரடியாகக் கேட்பதில்லை. ஏலத்தில் எடுக்கும் மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்குகிறோம். அவர் மாதிரிகளைச் சிறு பைகளில் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுச் சமையலறை தேயிலைக் கூடமாகிவிடும். நகைக்கடைத் தராசில் 2 கிராம் நிறுத்து, 100 மில்லி கொதிநீர் ஊற்றி, ஆறு நிமிடம் மூடி வைத்து, வெள்ளைக் கிண்ணத்தில் வடிக்க வேண்டும். தேயிலையைச் சுவைத்துப் பார்க்கச் சர்வதேசத் தரநிலை சொல்லும் அளவு அது. அன்று காலையிலிருந்தே வெங்காயம் நறுக்கக் கூடாது, ஊதுவத்தி ஏற்றக் கூடாது. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். கிடங்கில் சோப்புப் பெட்டி ஒன்றைக்கூட வைக்க அம்மா விடுவதில்லை.

வெறும் சாயத் தண்ணீராகச் சுவைத்த பிறகு பால் ஊற்றி ஒருமுறை. அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டில்கள் வெளியே வரும்.

இந்த ஊரின் தண்ணீர் ஒரே தண்ணீர் அல்ல. அல்சூரில் குழாயில் வருவது சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் கொண்டுவரும் காவிரி. ஒயிட்ஃபீல்டு, மகாதேவபுரம் பக்கம் பல கடைகளுக்கு ஆழ்துளைக் கிணறும் டேங்கரும்தான். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த அந்தக் கடினமான நீரில் நல்ல நீலகிரித் தூளைப் போட்டால் நிறம் மங்கி, மேலே ஆடைபோல் ஒரு படலம் மிதக்கும், வாசனை எழும்பாது. அதே தூள் காவிரித் தண்ணீரில் செம்பு நிறத்தில் பளிச்சென்று இறங்கும். ஆகவே டேங்கர் கடைகளுக்கு அசாம் கூடுதலாகச் சேர்த்த தனிக் கலவை. 2024 கோடையில் நகரமே தண்ணீருக்குத் தவித்தபோது, காவிரி வந்துகொண்டிருந்த கடைகள்கூட டேங்கருக்கு மாறின. ஒரே வாரத்தில் புகார்கள் குவிந்தன. தூள் மாறவில்லை, தண்ணீர்தான் மாறியது என்று விளக்கிக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை. அண்ணன் கடை கடையாகப் போய்ப் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வந்தார். அம்மா கலவையை மாற்றிக் கொடுத்தார்.

இவ்வளவு பாடுபடுவதற்கு ஏற்ற லாபம் உண்டா என்று கேட்டால், கிலோவுக்குச் சில ரூபாய்தான். கடைக்காரர் கணக்கு வேறு: ஒரு கிலோவில் எத்தனை டம்ளர் விழும்? நானூறுக்கு மேல் விழுந்தால்தான் அவருக்குக் கட்டுப்படி. 2025 ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியதும், டம்ளர் விலையை உயர்த்தத் தயங்கிய கடைக்காரர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பாலில் போனதைத் தூளில் பிடிக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதே நேரத்தில் ஒரு தரகர் எங்கள் விலையில் பாதிக்கு ஒரு தூளைக் கொண்டு வந்து காட்டினார். ஈரமான வடிதாளில் ஒரு சிட்டிகை தூவினேன். தாளில் உடனே செம்மஞ்சள் கறை பரவியது. நல்ல தேயிலை குளிர்ந்த நீரில் அவ்வளவு விரைவில் நிறம் விடாது. பயன்படுத்திய தூளைக் காயவைத்துச் சாயம் ஏற்றியது. அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மலிவு விலை பேசுபவர்களுக்கு அதைக் காட்டுவேன். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு நீலகிரியின் சிறு விவசாயிகள் போராடிக்கொண்டிருக்கும்போது, பாதி விலைத் தூள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்திருக்க முடியும்?

கடன் இல்லாமல் இந்த வியாபாரம் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கணினி நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை என்று போய்விட்டன. அவற்றின் வாசலை நம்பியிருந்த கடைகள் மூடிக் கிடந்தன. என் நோட்டில் இருந்த பாக்கியும் அப்படியே நின்றது. அசாமில் விளைச்சல் சரிந்து தேயிலை விலை ஏறியதும் அதே ஆண்டில்தான். வசூலுக்குப் போக வேண்டாம் என்று அப்பா சொன்னார். “கடை திறந்தால் அவர்களே தருவார்கள், முதலில் திறப்பதற்குத் தூள் கொடு” என்றார். கொடுத்தோம். ஊருக்கே போய்விட்ட சிலர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டார்கள். அப்பாவின் அந்த முடிவு சரியானது என்று கணக்குப் பார்க்கிறவளாகவே சொல்கிறேன்.

இப்போது வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் அசாம் வரத்து நிற்பதற்குள் நான்கு மாதத்துக்கான தூளை வாங்கி அடுக்கிவிட வேண்டும் என்கிறார் அண்ணன். அதற்கு வங்கிக் கடன் எடுக்க வேண்டும். வட்டியைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது என்கிறேன் நான். அடுக்கி வைத்த தூள் ஈரம் வாங்கினால் என்ன செய்வது என்று அண்ணி கேட்கிறார். அண்ணன் மகளுக்கு இப்போதுதான் அம்மா சுவை பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார். போன ஞாயிறு இரண்டு மாதிரிகளில் முற்றிய இலை எது என்று அவள் சரியாகச் சொன்னாள். அடுத்த மாதிரிகள் வியாழக்கிழமை வருகின்றன. அவற்றை டேங்கர் தண்ணீரிலும் காவிரியிலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்யலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.